நாற்பது வீட்டில் டீவி இல்லை

என் மகள் என்னை உளவாளியாகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள்.

"நீங்க நடந்து போனா யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்கப்பா."

அவள் உயர்தர வகுப்பில் ஊடகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்துக்கு ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தைப் போனில் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம். முழுப் படம் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்கு மிச்சப் படத்தையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மிச்சப் படம் என்று ஒன்று கிடையாது. அவளும் வகுப்பிலுள்ள இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உளவாளிப் படத்தின் தொடக்கத்தை எடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள்.

என்னைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நான் பதுளையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கொப்பி எடுக்க வருகிறவர்கள் மெசினைத்தான் பார்ப்பார்கள். "எத்தனை?" என்று நான் கேட்பேன். சிலரிடம் "ரெண்டு பக்கமுமா?" என்றும் கேட்பதுண்டு. ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, வாரம் மூன்று தடவை வருகிற ஒருவர் என்னிடம், "நீங்க புதுசா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபமாக இருந்தது.

வீடு ஹாலிஎலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மனைவி கொழுந்து எடுக்கிறாள். நான் பஸ்ஸில் போய் வருகிறேன்.

மகள் தன் பயிற்சிக் கொப்பியில் கட்டம் கட்டமாகப் படத்தை வரைந்து வைத்திருந்தாள். முதல் கட்டத்தில் ரயிலிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவன் இறங்குகிறான். இரண்டாவதில் அவனுடைய சப்பாத்து மட்டும். மூன்றாவதில் இரண்டு பெட்டிகள் கைமாறுகின்றன. ஐந்தாவது கட்டத்தில் கார் துரத்துகிறது. அதன் கீழே, 'கார் கிடைத்தால்' என்று எழுதியிருந்தாள். கோட்டு என்னுடையது. பண்டாரவளையில் பழைய உடுப்பு விற்கிற இடத்தில் வாங்கியது. வாங்கி வந்த பிறகுதான் அது பெண்கள் போடுகிற கோட்டு என்று மனைவி கண்டுபிடித்தாள். கேமராவை மறுபக்கம் வைத்தால் பொத்தான் தெரியாது என்று மகள் சொன்னாள்.

பாடம் எடுக்கிற மிஸ் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இத யாரு பாப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க தோட்டத்து ஆளுங்க பாப்பாங்க மிஸ்."

"அது நீ சொல்றது. அவங்க சொன்னாங்களா?"

பார்வையாளர் யார், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று நாற்பது வீடுகளில் கேட்டு எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்றார் மிஸ். அப்படி ஒரு பார்வையாளர் இல்லை என்று தெரிந்தால் உளவாளிப் படம் கிடையாது. மூன்று பேரும் வகுப்பில் பேய்ப் படம் எடுக்கிற மற்றக் குழுவோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பேய்ப் படத்தில் நடிப்பு, கேமரா, கதை எல்லாவற்றுக்கும் ஏற்கனவே ஆள் இருந்தது. மிச்சமிருந்த வேலை, காட்சிக்கு வெளியே நின்று மரக்கிளையை ஆட்டுவது.

மகள் அன்று சாப்பிடவில்லை. "மூணு பேருக்கும் சேத்து ஆட்டுறதுக்கு ஒரே ஒரு மரக்கெளதாம்மா," என்று அம்மாவிடம் சொன்னாள்.

கேள்விகளை அவள் பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள். தலைப்பு, 'இலக்குப் பார்வையாளர் தொடர்பான தகவல் திரட்டு'. முதல் கேள்வி குடும்பத் தலைவரின் வயதும் தொழிலும். அடுத்தது குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை. பிறகு வீட்டில் எத்தனை அறை, மின்சாரம் உண்டா, டீவி உண்டா. படம் என்ற சொல் ஏழாவது கேள்வியில்தான் வந்தது. வாசித்துப் பார்த்தேன். எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. கடையில் தினமும் கைக்கு வருகிற தாள்களெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

நாற்பது தாள் தேவைப்பட்டது. முதலாளியிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் நல்ல மனிதர். மெசினுக்குக் கீழே கிடந்த கட்டைக் காட்டினார்.

"பழுதான தாளு அவ்வளவு கெடக்கு. பின்பக்கம் வெள்ளதானே ஈக்கி? அதுல அடிங்க தம்பி. முன்னுக்கு என்ன ஈக்கின்னு யாரு பாக்கப் போறா?"

எங்கள் கடை அரசாங்க அலுவலகங்கள் இருக்கிற தெருவில் இருக்கிறது. அங்கே அதிகம் கொப்பி எடுப்பது விண்ணப்பப் படிவங்கள்தான். அதனால் பழுதாவதும் அதிகம் அவைதான். அந்தக் கட்டில் இருந்தவை பெரும்பாலும் வீட்டுத் திட்டத்துக்கான விண்ணப்பத்தின் மங்கலான கொப்பிகள். சிலதில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, சிலது சாய்ந்திருந்தது. அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் மகளின் கேள்விகளை அடித்தேன். மறுபக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. எங்கள் தொழிலில் பழுதான பக்கம் பக்கமே இல்லை. எழுதிய தாளை என்னிடம் திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கீழே கடை முத்திரையையும் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துப்புரவாகப் போனால்தான் ஒழுங்காகப் பதில் எழுதுவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அவளே எழுதித் தந்திருந்தாள். 'இது மகளோட படத்துக்கு. நேரம் கெடைக்கிறப்ப எழுதிக் குடுங்க.' அதை ஒரு வாரம் பஸ்ஸில் மனத்துக்குள் சொல்லிப் பழகியிருந்தேன்.

முதல் வீட்டுக்காரர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். முகத்திலிருந்த சோப்பைத் துண்டால் துடைத்தார்.

"எப்பக் குடுக்கணும்?"

"வெள்ளிக்கெழம."

என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். பழகிய வாக்கியம் உள்ளேயே இருந்துவிட்டது. அடுத்த வீட்டில் 'வெள்ளிக்கெழம' என்றுகூடச் சொல்லத் தேவைப்படவில்லை. செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. மூன்றாவது லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, நான் போனபோது வாசலிலேயே காத்திருந்தார்கள். எனக்குப் பதினொரு தேத்தண்ணி கிடைத்தது. தினமும் என்னை பஸ்ஸில் பார்க்கிறவர்கள்தான். அன்றுதான் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். மகளின் படிப்பு மேல் தோட்டத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அலுவலகங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன். எப்படியோ வீட்டு விண்ணப்பத்தை உள்ளே இருந்து எடுத்து வந்துவிட்டேன். சத்தமில்லாமல் கொடுக்கிறேன் என்றால், தோட்டத்தின் மற்ற டிவிசன்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அர்த்தம். எனக்குப் பேச்சு வராததை அவர்கள் இரகசியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமையே நாற்பது தாளும் வந்து சேர்ந்தன. கூடவே இன்னும் ஆறு. அந்த ஆறு பேரும் மேல் டிவிசனைச் சேர்ந்தவர்கள், நான் தாளே கொடுக்காதவர்கள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, என் கடையிலேயே இரண்டு பக்கமும் கொப்பி எடுத்திருக்கிறார்கள். முதலாளி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மகள் தரையில் உட்கார்ந்து பதில்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

வீட்டில் டீவி உண்டா? இல்லை. நாற்பது வீட்டிலும் இல்லை. கடைசியாகப் பார்த்த படம்? பார்ப்பதில்லை. எந்த நேரத்தில் படம் பார்க்க விரும்புவீர்கள்? கூரை ஒழுகுகிறது. உளவாளிப் படம் ஒன்றின் தொடக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு ஒருவர், இரண்டு அறை, குசினி, தண்ணீர்க் குழாய் என்று எழுதியிருந்தார்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் காம்பராவில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த காம்பராவிலும் அதே சீரியல். அந்த நேரத்தில் எங்கள் லயத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் ஒரு வசனமும் தவறாது. நான் வெளியே வந்து கூரைகளைப் பார்த்தேன். அநேகமாக ஒவ்வொரு தகரத்தின் மேலும் ஒரு டிஷ் இருந்தது. மேல் லயத்தில் ஒரு டிஷ்ஷின் மேல் பாய் விரித்திருந்தார்கள். இன்னொன்றின் மேல் அண்டாவைக் கவிழ்த்திருந்தார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்களிடம் டீவி இருக்கிறது என்று உண்மையைச் சொன்னவர்கள் பட்டியலில் வரவில்லை. அதிலிருந்து யாராவது ஃபைலோடு லயத்துக்குள் வந்தால் டீவிக்குப் போர்வை போர்த்துவது எங்கள் தோட்டத்து வழக்கம். எங்கள் வீட்டிலும் அதற்கென்று ஒரு போர்வை இருக்கிறது. எனக்கு ஒரே ஆச்சரியம், இந்த முறை ஃபைலோடு போனவன் நான் என்பதுதான்.

மனைவி ஒரு தாளைத் திருப்பினாள்.

"என்னங்க, இதுல பின்னாடியும் எழுதியிருக்கு."

பின்பக்கத்தில் கையெழுத்து இன்னும் அழகாக இருந்தது. அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் வயது, மண் சரிந்த வருடங்கள், எல்லாம். கொப்பி எடுக்கும்போது வெட்டுப்பட்ட கோடுகளை அடிமட்டம் வைத்துப் பேனையால் போட்டு முடித்திருந்தார்கள்.

"பதினெட்டு வருசமா மெசினோட குடும்பம் நடத்துறீங்க," என்றாள் மனைவி. "தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு அது சொல்லலியா?"

மகள் தன் கூட்டாளிக்குப் போன் எடுத்தாள். அந்தப் பிள்ளை, "நாமளே நாப்பது தாளையும் எழுதிருவோம்டி, யாருக்குத் தெரியும்?" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

"நாப்பது வீட்டுலயும் ஏற்கனவே பொய் எழுதியாச்சு," என்றாள் மகள். "அதுக்கு மேல நாம வேற எழுதணுமா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த புதன்கிழமை மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அவளுக்கு அன்று முழுக்கப் பதுளையில் டியூசன். வீடு வீடாகப் போய், இது வீட்டுக்கான தாள் இல்லை, படத்துக்கான தாள், மறுபடியும் உண்மையாக எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

"நீங்க குடுத்தீங்க. நீங்கதான் சொல்லணும்," என்றாள் மனைவி.

இந்த முறை வாக்கியத்தைப் பஸ்ஸில் பழகவில்லை. பழகினால் வராது என்று தெரிந்துவிட்டது. புதுத் தாள்களை எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுத்தேன்.

முதல் வீட்டுக்காரர் அன்றும் இஸ்தோப்பில் இருந்தார்.

"அண்ணே, இது வீட்டுக்கு இல்ல. படத்துக்கு."

"என்னா படம்?"

"உளவாளிப் படம். மக எடுக்கிறா."

அவர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏய், அந்தப் போர்வைய எடு. வீடு இல்லியாம், சினிமாவாம்."

எல்லோரும் அவரைப் போல் இல்லை. ஒருவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்தே பதில் சொன்னார். போன வாரம் தேத்தண்ணி கொடுத்த ஒரு பெண், "அந்தக் கப்பக் குடுங்க, கழுவணும்," என்றாள். அன்று என் கையில் கப் எதுவும் இல்லை. இன்னொரு அம்மா, கூரையைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"முக்காப் பக்கம் எழுதுனேனே தம்பி, அத யாரு படிச்சா?"

"மக படிச்சா."

"படிச்சிட்டு அழுதாளா?"

"எண்ணுனா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் கேள்விக்கும் பதில் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சீக்கிரம் சீக்கிரமாகப் பதில் வந்தது. உளவாளியைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இவ்வளவு அபிப்பிராயம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"உளவாளின்னா யாரு? தொரகிட்ட போயிக் கோள் மூட்டுறவன்தானே? அவன் ஓடி ஒளியிறத நாங்க உக்காந்து பாக்கணுமா? புடிச்சி நாலு போடு போடுற படம்னா சொல்லு, வாறோம்," என்றார் ஒரு பெரியவர். ஆலையில் வேலை செய்தபோது யாரோ அவரைப் பற்றித் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அவன் காலையில வேலைக்குப் பெரட்டுல வந்து நிக்கிறதில்ல, பேரு குடுக்கிறதில்ல, கோட்டப் போட்டுக்கிட்டு ஊரு சுத்துறான். அவன் வீட்டுல யாரு ஒல வைக்கிறா?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கோட்டைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக அடி லயத்தின் கடைசிக் காம்பரா. அங்கே இருக்கிற அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கும் அளக்க வந்தார்கள். அந்தக் காம்பராவின் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு வேறு யாராரோ வந்து வேறு வேறு ஃபைலில் எழுதிக்கொண்டு போனார்கள். சுவரில் வெடிப்பு அந்த இலக்கத்தைத் தாண்டிக் கூரை வரைக்கும் போயிருந்தது. அக்கா என் தாளோடு அடையாள அட்டையின் கொப்பி, வெடிப்பின் போட்டோ ஒன்று, அதே வெடிப்பில் தன் கையை வைத்து எடுத்த போட்டோ ஒன்று, எல்லாவற்றையும் ஊசிநூலால் தைத்துக் கொடுத்திருந்தார். மற்ற வீடுகளின் பழைய தாள்களை எடுத்துப் போகாத நான், அதை மட்டும் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போயிருந்தேன்.

அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "தெரியும். மேல இருந்து சொல்லிக்கிட்டே வர்றாங்க. சினிமாவாமே," என்றார்.

"ஆமாங்கக்கா."

தைத்த தாள்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கோடாலியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பின்னாடி அடிச்சிருந்ததே, அது நெசமான ஃபாரமா, பொய்யா?"

"நெசமான ஃபாரந்தான். பழுதாப் போன கொப்பி."

"பழுதாகாத கொப்பி எங்க இருக்கு?"

"கடையில."

"எத்தன இருக்கும்?"

"நெறைய இருக்கு."

"எம்புட்டு நாளா?"

அந்த விண்ணப்பம் மூன்று தடவை மாறியிருக்கிறது. மூன்றையும் நான்தான் கொப்பி எடுத்தேன். எத்தனையோ ஊர்க்காரர்கள் என் கையிலிருந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு நாளும் ஒரு தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்ததில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தோன்றவில்லை. கொப்பி எடுக்கிறவன் தாளில் என்ன இருக்கிறது என்று வாசிப்பதில்லை.

அக்கா திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. விறகைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார்.

"சினிமாவுல உளவாளி எடுக்கிற பேப்பர எப்படியும் கொண்டு போயிக் குடுக்க வேண்டிய எடத்துல குடுத்துருவான். ஆத்துல குதிச்சாவது குடுப்பான்," என்றார். "இங்க வந்து எழுதிக்கிட்டுப் போறவன் எல்லாம் அதக் கொண்டுபோயி எங்கதான் குடுக்கிறானோ."

பிறகு, "சரி, கேளு ஒன் டீவிக் கேள்விய. இருக்கு. இருவத்தொரு இஞ்சி," என்றார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டேன். இந்த முறை இரண்டு நாள் ஆகவில்லை. வீட்டு விண்ணப்பத்தில் நாற்பத்தாறு நல்ல கொப்பி எடுத்தேன், மேல் டிவிசனுக்கும் சேர்த்து. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் வந்து எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மகள் எழுதினாள். எழுதும்போதே சீரியல் சத்தம் கேட்டது. இதில் டீவி பற்றிக் கேள்வி இல்லை என்பதை எல்லோரும் முதலிலேயே பார்த்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் அந்த விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஏற்கிற அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவருக்கு என்னை ஒருவிதமாகத் தெரியும். அவர்களுடைய தாள்களைக் கொப்பி எடுத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கட்டை வாங்கிப் பக்கத்திலிருந்த வெற்றுப் படிவங்களுக்கு மேல் வைத்தார். நான் வழக்கமாகப் போய்விடுவேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"இது கொப்பி இல்ல," என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். சத்தம் கூடிவிட்டது. வரிசையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் கட்டைத் திரும்ப எடுத்து, புரட்டி, ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார். நாற்பத்தாறு முறை. அவ்வளவு நேரமும் நான் அங்கேயே நின்றேன். வேலைக்குப் பிந்திப் போனேன்.

அன்றுதான் மகள் உண்மையான பதில்களை மிஸ்ஸிடம் கொடுத்தாள். டீவி உள்ள வீடுகள் முப்பத்தெட்டு. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டில் பார்க்கிறார்கள். பார்வையாளர் இருக்கிறார்கள், உளவாளியைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவில் எழுதியிருந்தாள். மிஸ் முழுவதையும் வாசித்திருக்கிறார். "ஆக்கள் இருக்காங்க. ஒங்க கதைதான் அவங்களுக்கு வேணாம். கதைய மாத்துங்க. மரக்கெள ஆட்டத் தேவல்ல," என்றாராம்.

கட்டம் போட்ட தாள்களை அவள் கிழித்துவிட்டாள். ரயில் போனது, பெட்டிகள் போயின, கார் எப்படியும் கிடைத்திருக்காது. கோட்டும் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

புதுக் கதையில் ஒரு மனிதன் வெள்ளைச் சட்டை போட்டு, ஃபைலோடு தேயிலைக்கு நடுவில் இறங்கி வருகிறான். பீலியில் தண்ணீர் பிடிக்கிற ஒருத்தி அவனைப் பார்க்கிறாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் வேகமாகப் போகிறாள். அவன் லயத்துக்கு வருவதற்குள் வீடு வீடாகப் போர்வைகள் விழுகின்றன. கூரையில் பாய் விரிகிறது. அவன் ஒவ்வொரு வாசலாக, டீவி இருக்கிறதா என்று கேட்கிறான். இல்லீங்க என்கிறார்கள். உள்ளேயிருந்து சீரியல் இசை கேட்கிறது. அவன் இல்லை என்று எழுதுகிறான். கடைசி வீட்டு வாசலில் தாளைத் திருப்புகிறான். பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. அதை அவன் வாசிக்கிறான். அத்தோடு இருட்டாகிப் படத்தின் பெயர் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து முடித்தார்கள். யாருக்கும் நடிப்புச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. போர்வை போடுகிற காட்சி ஒரே தடவையில் சரியாக வந்தது. அவ்வளவு வருடப் பழக்கம். டிஷ்ஷுக்கு மேல் பாய் வீசியது அடி லயத்து அக்கா. முதலில் மாட்டேன் என்றவர், வேறொருத்தி வீசுவதைப் பார்த்துவிட்டு, "இப்பிடியா போடுறது, காத்துல பறந்துரும், குடு இங்க," என்று பாயைப் பறித்துக்கொண்டார். என்னுடைய கடைசிக் காட்சியை மட்டும் ஆறு தடவை எடுத்தார்கள். வாசிக்கிறபோது என் முகத்தில் ஏதாவது தெரிய வேண்டும் என்று கூட்டாளிப் பிள்ளை சொன்னது. ஒன்றும் தெரியவில்லை, அதுதான் வேண்டும் என்றாள் மகள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு முன்னால் பார்வையாளர்களுக்கே காட்ட வேண்டும் என்று மிஸ் சொன்னார். கொழுந்து எடுப்பவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவின் சன்னல்களில் உரச் சாக்குத் தொங்கவிட்டு, சுவரில் வேட்டி கட்டி, பகல் இரண்டு மணிக்குக் காட்டினார்கள். மிஸ்ஸும் வந்திருந்தார். குழந்தைகள் உட்காருகிற குட்டி வாங்கில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. தோட்டம் முழுக்க வந்திருந்தது. கதவைச் சாத்திய வீட்டுக்காரரும் வந்து பின்னால் நின்றார்.

படம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மறுபடி போடச் சொன்னார்கள். ஐந்து தடவை போட்டார்கள். போர்வை விழுகிறபோதெல்லாம் விசிலடித்தார்கள். கோள் மூட்டுகிறவனைப் பிடித்து அடிக்க வேண்டும் என்ற பெரியவர், "இவன் வெவரமில்லாத உளவாளி, பாவம், விட்டுருவோம்," என்றார். நான் கதவுக்குப் பக்கத்தில், வெளியே போக வசதியான இடத்தில் நின்றிருந்தேன்.

ஐந்தாவது தடவை முடிந்ததும் ஒருவர் கேட்டார். "மிச்சம் எங்க?"

"இவ்வளவுதாங்க மாமா," என்றாள் மகள். "தொடக்கம் மட்டுந்தான்."

"அவன் அந்தப் பேப்பரக் கொண்டுபோயிக் குடுத்தானா இல்லியா?"

"அது படத்துல வராதுங்க."

மிஸ் ஏதோ எழுதிக்கொண்டார். மிச்சத்தைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு வேண்டியதும் அதுதான்.

அப்போது அடி லயத்து அக்கா கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழும்பினார். மகளைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பினார்.

"படத்துல குடுக்காட்டிப் போவுது. நீ குடுத்தியே தம்பி, அது என்னாச்சு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸும் பார்த்தார். நான் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன மகளும் பார்த்தாள்.

"முத்தர குத்தித் தந்தாங்க," என்றேன். "நம்பர் இருக்கு. அதுக்கப்புறம் தெரியல."

"கேட்டியா?"

"இல்லக்கா."

"கேக்காமயே அது வந்துருமா?"

"நாளைக்குப் போயிக் கேக்குறேன்," என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் கொடுத்த முதல் வாக்கு அதுதான். யாரும் விசிலடிக்கவில்லை. ஆறாவது தடவை போடச் சொன்னார்கள்.

மறுநாள் போனேன். முதல் கவுண்டரில், நான்காவது கவுண்டரில் கேட்கச் சொன்னார்கள். நான்காவது கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "கொப்பியா? அங்க வைங்க," என்றார். கொப்பி இல்லை என்று சொன்னேன். இந்த முறை ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது. இலக்கங்களைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

அடுத்த மாதம் போனேன். அதற்கு அடுத்த மாதமும் போனேன். இன்னும் போகிறேன். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அடி லயத்து வழியாகத்தான் வீட்டுக்கு ஏறுகிறேன். அது சுற்றுவழி. அக்கா வாசலில் இருந்தால், "என்னா சொன்னாங்க?" என்று கேட்பார். அவர்கள் சொன்னதைச் சொல்வேன்.